சார்ட்டர் விமானம் என்றால் என்ன? கோர்ட் லைன் வளர்ந்து வீழ்ந்த கதை

விமானத்தில் போக இரண்டு வழிகள் உண்டு. ஓர் இருக்கைக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அல்லது விமானத்தையே முழுதாகப் பேசி எடுத்துக்கொண்டு போகலாம். கல்யாணத்துக்குப் பேருந்தில் சீட்டெடுத்துப் போவதற்கும், சொந்தக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வேன் பேசிக்கொண்டு போவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இரண்டாவது வகைக்குச் சார்ட்டர் என்று பெயர். வேன் நிறைந்து போனாலும் பாதி காலியாகப் போனாலும் வேன்காரருக்குப் பேசிய வாடகை வந்துவிடும். காலி இருக்கைக்கான நட்டம் வேனைப் பேசியவரைச் சேரும். சார்ட்டர் விமானத் தொழில் முழுவதும் இந்த ஒரே ஏற்பாட்டின் மீது நிற்கிறது. அந்த நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால், 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்து, 1974 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் மறைந்துபோன கோர்ட் லைன் என்ற விடுமுறை விமான நிறுவனத்தின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை புரிந்துகொள்ள முடியும்.

முதலில் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனம், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம் உண்டு என்று அறிவித்துவிட்டால், பத்துப் பேர் வந்தாலும் அதை இயக்கியாக வேண்டும். ஆகவே ஏறியவர்களின் கட்டணத்தில் ஏறாதவர்களுக்கான செலவும் ஒளிந்திருக்கிறது. நூறு இருக்கைகள் உள்ள விமானம் ஒருமுறை போய்வர ஆயிரம் பவுண்டு செலவாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பாதி இருக்கைகள்தான் நிறையும் என்று எதிர்பார்க்கும் நிறுவனம் தலைக்கு இருபது பவுண்டு வாங்கினால்தான் கட்டுப்படியாகும். தொண்ணூற்றைந்து இருக்கைகள் நிறையும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கோ பத்தரை பவுண்டுக்குச் சற்று மேலே போதும். விமானம், விமானி, எரிபொருள் எதிலும் மாற்றமில்லாமலேயே விலை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. விடுமுறைச் சார்ட்டரின் மலிவில் பெரும்பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

இருக்கைகளை அப்படி நிரப்பித் தருபவர் சுற்றுலா நிறுவனத்தார். அவர் ஒரு கோடைக்காலம் முழுவதற்கும் விமானத்தை வாடகைக்குப் பேசிக்கொள்கிறார். ஸ்பெயின் கடற்கரையில் ஒரு விடுதியின் அறைகளையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்து, விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் பேருந்தையும் உள்ளடக்கி, ஒரே விலையில் பேக்கேஜ் டூராக விற்கிறார். ஒவ்வொரு வாரமும் விமானம் ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கும். விடுமுறை முடிந்து காத்திருக்கும் முந்தைய கூட்டத்தை அதே விமானம் ஏற்றிக்கொண்டு திரும்பும். பருவத்தின் முதல் வாரத்தில் திரும்பும் விமானமும், கடைசி வாரத்தில் போகும் விமானமும் மட்டுமே காலியாகப் பறக்கும். விமானக்காரரும் தம் பங்குக்கு விமானத்தைத் தரையில் நிற்கவிடுவதில்லை. அதிகாலையில் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவு, பிற்பகலில் அலிகாந்தே, நள்ளிரவில் இன்னொரு தீவு என்று ஒரே விமானம் நாளுக்கு இரண்டு மூன்று முறை போய்வரும். விடுமுறைக்குப் போகிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு விமான நிலையத்தில் பிள்ளைகளோடு தூங்கி வழிந்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் பறக்காவிட்டால் அந்த விலைக்குத் தர முடியாது என்பதுதான்.

பிரிட்டனில் இந்த முறைக்கு வழிகாட்டியவர் விளாடிமிர் ரைட்ஸ். 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய ஹொரைசன் நிறுவனம் ஒரு டகோட்டா விமானத்தை வாடகைக்கு எடுத்துக் கோர்சிகாத் தீவின் கால்வி நகருக்கு விடுமுறைப் பயணிகளை அனுப்பியது. விமானம், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அரசு அனுமதி கொடுத்தது, ஆனால் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டுமே அழைத்துச் செல்லலாம் என்ற நிபந்தனையோடு. அரசுக்குச் சொந்தமான விமான நிறுவனத்தின் வருமானத்தில் கைவைக்க யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலை அன்றைய அதிகாரிகளுக்கு இருந்தது. அந்தக் கவலை நெடுங்காலம் நீடித்தது. பேக்கேஜ் டூரின் மொத்த விலை, அதே ஊருக்கு அட்டவணை விமானத்தில் போய்வரும் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்ற விதி 1960களிலும் நடைமுறையில் இருந்தது. விடுதிச் செலவே இல்லாததுபோல் விலை வைத்தால்கூட அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க முடியாது என்பதை யோசித்துப் பார்த்தால், இந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்பது விளங்கும். போதாததற்கு, அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1966 முதல் 1970 தொடக்கம் வரை பிரிட்டன்காரர் ஒருவர் வெளிநாட்டுச் செலவுக்கு 50 பவுண்டுக்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. இந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது, அணை திறந்ததுபோல் மக்கள் தெற்கு நோக்கிப் பறக்கத் தொடங்கினார்கள்.

கோர்ட் லைன் அந்த நேரத்தில் சரியான இடத்தில் நின்றது. ஆனால் அதன் வேர் வானத்தில் இல்லை, கடலில் இருந்தது.

1905ஆம் ஆண்டில் கப்பல் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது அது. அதன் கப்பல்களின் பெயர்கள் கோர்ட் என்ற சொல்லில் முடிந்தன. குறிப்பிட்ட பாதையில் குறிப்பிட்ட நாளில் ஓடும் கப்பல்கள் அல்ல அவை. சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போய், யார் வாடகைக்குப் பேசுகிறார்களோ அவர்களுக்காக ஓடும் சரக்குக் கப்பல்கள். சார்ட்டர் என்ற சொல்லே விமானத்துக்கு வருமுன் பல நூற்றாண்டுகளாகக் கப்பல்காரர்களின் சொல். ஆகவே 1965ஆம் ஆண்டில் கோர்ட் லைன், லூட்டன் நகரைத் தளமாகக் கொண்ட ஆட்டேர் என்ற சிறிய விமான நிறுவனத்தை வாங்கியபோது, அது அறியாத தொழிலில் இறங்கியது என்று சொல்ல முடியாது. கலம்தான் மாறியது, வாடகைக் கணக்கு பழையதுதான்.

ஆட்டேர் 1953இல் ஹெலிகாப்டர் நிறுவனமாகத் தோன்றி, 1960இல் ஒரு டகோட்டாவுடன் பயணிகள் விமானத்துக்கு வந்தது. உள்நாட்டில் சில அட்டவணைச் சேவைகளையும் நடத்திப் பார்த்தது. அவை லாபம் தரவில்லை. 1969 இறுதியில் அவற்றைக் கைவிட்டு, விடுமுறைச் சார்ட்டர் ஒன்றையே தொழிலாகக் கொள்வது என்று முடிவு செய்யப்பட்டது. 1970 தொடங்கியதும் ஆட்டேர் என்ற பெயரும் போய், நிறுவனம் கோர்ட் லைன் ஏவியேஷன் ஆனது. லூட்டன் நகராட்சிக்குச் சொந்தமான அந்த விமான நிலையத்தையே பிரிட்டானியா, மொனார்க் ஆகிய சார்ட்டர் நிறுவனங்களும் தளமாகக் கொண்டிருந்தன என்பதால், லண்டனுக்கு வடக்கே இருந்த அந்தத் தொழிற்பட்டணம் அக்காலத்தில் பிரிட்டிஷ் விடுமுறை விமானங்களின் தலைநகரம் போலவே இருந்தது.

புதுப் பெயரோடு கோர்ட் லைன் செய்த காரியம் இன்றும் விமான ரசிகர்களின் பேச்சில் அடிபடுகிறது. சார்ட்டர் விமானம் என்றால் மற்ற நிறுவனங்கள் கழித்துப்போட்ட பழைய விமானம் என்று மக்கள் நினைத்திருந்த காலத்தில், அது புத்தம் புதிய பி.ஏ.சி. ஒன்-லெவன் ஜெட் விமானங்களை வாங்கி, ஒன்றை இளஞ்சிவப்பிலும் ஒன்றை ஆரஞ்சிலும் ஒன்றை நீலப்பச்சையிலும் இன்னொன்றை ஊதாவிலும் அடித்தது. பணிப்பெண்களின் உடையும் விமானத்தின் நிறங்களுக்கு இசைந்தது. ஹால்சியன் என்ற சொல்லில் தொடங்கும் பெயர்கள் விமானங்களுக்குச் சூட்டப்பட்டன. அமைதியான இளங்காற்று நாட்களைக் குறிக்கும் சொல் அது. மழையும் மேகமுமாக இருந்த லூட்டன் ஓடுபாதையில் அந்த விமானங்கள் மிட்டாய்க் கடையைப்போல் வரிசையாக நின்றன என்று சொல்வது மிகையாகாது.

உள்ளே கணக்கு கறாராக இருந்தது. ஒவ்வொரு ஒன்-லெவனிலும் 119 இருக்கைகள். சாப்பாடு சூடாக்கும் அடுப்பறைக்கு இடம் ஒதுக்கினால் சில இருக்கைகள் குறையும் என்பதால், குளிர்ந்த உணவுத் தட்டுகளை முன்னிருக்கையின் முதுகில் இருந்த சிறு பெட்டிக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒன்று போகும் பயணிக்கு, மற்றொன்று திரும்பும் பயணிக்கு. திரும்பும் பயணியின் பெட்டி பூட்டியிருக்கும். பசி அடங்காத சிலர் அந்தப் பூட்டை எப்படியோ திறந்துவிட, ஸ்பெயினில் ஏறியவர்களுக்குக் காலித் தட்டு காத்திருந்த கதைகள் உண்டு. சிரிப்புக்குரிய சங்கதிதான், ஆனால் ஒவ்வொரு இருக்கையும் பணம் என்று பார்க்கும் தொழிலில் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1973ஆம் ஆண்டில் அடுத்த பாய்ச்சல் வந்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் டிரைஸ்டார் என்ற அகன்ற உடல் விமானங்கள் இரண்டு கோர்ட் லைனுக்கு வந்தன; ஐரோப்பாவில் அந்த விமானத்தை முதலில் இயக்கியது அட்டவணைப் பெருநிறுவனம் எதுவும் இல்லை, இந்த விடுமுறை நிறுவனம்தான். ஒவ்வொன்றிலும் 400 பேர் அமரலாம். எல்லாம் நிறைந்தால் தலைக்கு ஆகும் செலவு மேலும் குறையும். நிறைந்தால் என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்தும் இருந்தது. 119 பேர் அமரும் விமானங்கள் வாரத்துக்கு மூன்று போவதாக இருந்தால், ஆள் குறைந்த வாரத்தில் ஒன்றை நிறுத்திக்கொள்ளலாம். 400 பேர் விமானத்தில் பாதியை மட்டும் அனுப்ப முடியாது. இதே காலத்தில் நிறுவனம் கரீபியனிலும் கால்பதித்தது: லியாட் என்ற தீவுகளுக்கிடையேயான விமான நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது, செயின்ட் லூசியாத் தீவில் விடுதித் தொழிலிலும் இறங்கியது.

இனிக் கதையின் முடிச்சுக்கு வருவோம். கோர்ட் லைனின் மிகப் பெரிய வாடிக்கையாளர் கிளார்க்சன்ஸ் என்ற சுற்றுலா நிறுவனம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் கப்பல் தரகு நிறுவனம் ஒன்றின் கிளையாக முளைத்ததுதான். ஹாலந்தின் டூலிப் தோட்டங்களைக் காட்டும் சிறு பயணங்களில் பெயரெடுத்து, டாம் கல்லிக் என்பவரின் நிர்வாகத்தில் பிரிட்டனிலேயே மிகப் பெரிய சுற்றுலா நிறுவனமாக வளர்ந்திருந்தது. போட்டியாளர்களை விலையால் வீழ்த்துவது அதன் வழி. எல்லோரும் விலையைக் குறைக்க, கிளார்க்சன்ஸ் இன்னும் குறைக்க, ஒரு விடுமுறைக்குக் கிடைத்த லாபம் தேய்ந்து, பின்பு நட்டமாகவே மாறியது. கூட்டம் கூடிக்கொண்டே போனது, கல்லாவில் மட்டும் எதுவும் மிஞ்சவில்லை.

அதன் உரிமையாளர்கள் இனித் தாங்காது என்று கைகழுவத் தயாரானபோது, கோர்ட் லைனின் முன்னே ஒரு தர்மசங்கடம் நின்றது. கிளார்க்சன்ஸ் மூடப்பட்டால், அதற்காகவே வாங்கிய விமானங்கள் தரையில் நிற்கும். எனவே 1973ஆம் ஆண்டு ஏப்ரலில் கோர்ட் லைன் அந்த நிறுவனத்தைப் பெயரளவுக்கு ஒரு பவுண்டு விலைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், தள்ளாடிக்கொண்டிருந்த ஹொரைசனையும் எடுத்துக்கொண்டது. கால்விக்கு முதல் விமானத்தை அனுப்பிய அதே ஹொரைசன்தான்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வேன்காரரை இப்போது நினைத்துப் பாருங்கள். வேன் காலியாகப் போனாலும் வாடகை வந்துவிடும் என்பதுதான் அவருடைய பாதுகாப்பு. வேனைப் பேசுகிறவரையே அவர் விலைக்கு வாங்கிவிட்டால், வாடகை தருகிறவரும் அவரே, வாங்குகிறவரும் அவரே. காலி இருக்கையின் நட்டம் சுற்றிவந்து அவர் மடியிலேயே விழும். கோர்ட் லைன் செய்தது இதைத்தான். அதன் வீழ்ச்சிக்கு எண்ணெய் விலையையே காரணமாகச் சொல்வது வழக்கம். என் பார்வையில் எண்ணெய் கடைசி அடியைக் கொடுத்ததே தவிர, பிடிமானம் ஒரு பவுண்டு கைமாறிய அன்றே நழுவிவிட்டது.

கடைசி அடி பலமாகவே விழுந்தது. 1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விநியோகத்தைக் குறைத்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. பேக்கேஜ் டூரின் விலையோ பல மாதங்களுக்கு முன்பே அச்சிட்டு விநியோகித்த கையேடுகளில் உறைந்திருந்தது. பிரிட்டனுக்குள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டம் வந்தது. 1974 ஜனவரி முதல் மார்ச் வரை, மின்சாரத்தைச் சேமிக்கத் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மின்சாரம் என்ற நிலை. கோடை விடுமுறைக்கு மக்கள் முன்பதிவு செய்வது வழக்கமாக அந்தக் குளிர்கால மாதங்களில்தான். சம்பளம் வருமா என்று தெரியாத குடும்பம் மயோர்க்காவுக்கு முன்பணம் கட்டுமா?

இங்கே விடுமுறைத் தொழிலின் இன்னொரு தன்மையையும் புரிந்துகொள்ள வேண்டும். பயணி பணத்தைப் பல வாரங்கள் முன்னதாகவே கட்டிவிடுகிறார். விடுதிக்கும் எரிபொருளுக்கும் நிறுவனம் பிற்பாடுதான் பணம் கொடுக்கிறது. நடுவில் அந்தப் பணம் நிறுவனத்தின் கையில் புழங்குகிறது. கூட்டம் பெருகும்போது இது வற்றாத ஊற்றுபோல் தோன்றும். இந்த ஆண்டுப் பயணிகளின் பணத்தில் சென்ற ஆண்டுப் பாக்கியை அடைத்துக்கொண்டே போகலாம். முன்பதிவு குறைந்த ஆண்டில்தான் ஊற்று வற்றி, அடியில் இருக்கும் பள்ளம் தெரியும். லாபமே இல்லாத ஒரு சுற்றுலா நிறுவனம் பல ஆண்டுகள் நலமாக இருப்பதுபோல் காட்சியளிப்பதும், பிறகு ஒரே வாரத்தில் சரிவதும் இதனால்தான்.

கோர்ட் லைன் கப்பல் கட்டும் தளங்களையும் வைத்திருந்தது. 1974 ஜூன் இறுதியில், தொழில்துறை அமைச்சர் டோனி பென், அந்தத் தளங்களை அரசு எடுத்துக்கொள்ளும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இதனால் நிறுவனத்தின் மற்றப் பகுதிகளும், அந்தக் கோடைக்குப் பதிவு செய்திருந்தவர்களின் நலனும் நிலைபெறும் என்ற பொருளிலும் பேசினார். அரசே சொல்லிவிட்டது என்று நம்பி அதற்குப் பிறகும் பணம் கட்டியவர்கள் உண்டு. ஏழு வாரங்கள்தான் கழிந்தன. ஆகஸ்ட் 15 அன்று, கோடை விடுமுறையின் உச்சத்தில், கோர்ட் லைன் பறப்பதை நிறுத்தியது. கிளார்க்சன்ஸும் ஹொரைசனும் அதோடு சாய்ந்தன. பல்லாயிரக்கணக்கான பயணிகள் வெளிநாட்டுக் கடற்கரைகளில் இருந்தார்கள். பணம் கட்டிவிட்டு இன்னும் புறப்படாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வெளிநாட்டில் இருந்தவர்களைத் திரும்பக் கொண்டுவர வழி இருந்தது. சுற்றுலா நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்து, யாராவது திவாலானால் பயன்படட்டும் என்று பிணைத்தொகை கட்டி வைத்திருந்தன. அந்தப் பணத்தில் வேறு விமானங்களைப் பேசிப் பயணிகளை ஊருக்கு அழைத்துவந்தார்கள். வீட்டிலேயே காத்திருந்தவர்களின் நிலைதான் பரிதாபம். பிணைத்தொகை அவர்கள் வரை நீளவில்லை. கூச்சல் எழுந்தது, 1975இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, விமானப் பயணக் காப்பு நிதி ஒன்றை உருவாக்கியது. அரசு முதலில் கடனாகப் பணம் போட, பின்பு பேக்கேஜ் டூர் விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை வசூலித்து அந்தக் கடன் அடைக்கப்பட்டது. நிர்வாகக் குறைகளை விசாரிக்கும் நாடாளுமன்ற ஆணையர், அரசின் ஜூன் மாதப் பேச்சு மக்களைத் தவறாக நம்பவைத்தது என்று குறை கூறினார். அரசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்றும் பிரிட்டனில் வழக்கத்தில் இருக்கும் ஏட்டால் என்ற உரிமமுறை கோர்ட் லைன் வீழ்வதற்குச் சற்று முன்பே, 1973இல், அறிமுகமாகியிருந்தது. விமானப் பயணத்தோடு சேர்த்து விடுமுறையை விற்கிற எவரும் உரிமம் பெற வேண்டும், நிதிநிலையைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதற்குப் பின்னால் உண்மையான பணம் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த ஆகஸ்ட் மாதம்தான் கற்பித்தது. இப்போது பயணி ஒருவருக்கு 2.50 பவுண்டு வீதம், 1975இன் நிதிக்குப் பின்வந்த ஒரு காப்பு நிதிக்குப் போகிறது.

நிறுவனத்தின் மிச்சங்கள் நாலாபுறமும் சிதறின. லியாட் விமான நிறுவனத்தைக் கரீபிய நாடுகளின் அரசுகள் சேர்ந்து எடுத்துக்கொண்டன. ஒன்-லெவன்கள் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போய் வேறு வண்ணம் பூண்டன. இரண்டு டிரைஸ்டார்களும் சும்மா நின்று, பின்பு ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் நிறுவனத்திடம் சேர்ந்தன.

சார்ட்டர் முறை கோர்ட் லைனோடு மடியவில்லை. பிரிட்டானியாவும் டான்-ஏரும் மொனார்க்கும் இன்னும் பல ஆண்டுகள் அதில் பிழைத்தன. அதை மெல்லக் கரைத்தது வேறொன்று. 1990களில் ஐரோப்பிய வான்வெளியில் கட்டுப்பாடுகள் நீங்கியபின், ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற குறைந்த கட்டண நிறுவனங்கள், சார்ட்டர்காரர்களின் கணக்கையே, அதாவது நெருக்கமான இருக்கைகள், ஓயாத பறத்தல், நிறைந்த விமானம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டு, சீட்டைத் தனித்தனியாக விற்றன. மொனார்க்கும் இறுதியில் சார்ட்டரைக் கைவிட்டு அவர்கள் வழிக்கே மாறியது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று அது திவாலானபோது ஏறத்தாழ 1,10,000 பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேக்கேஜ் டூர் வாங்காமல் வெறும் இருக்கை மட்டும் வாங்கியவர்கள் என்பதால் ஏட்டால் காப்புக்குள் வரவில்லை. ஆயினும் அரசு விமானங்களை வாடகைக்குப் பேசி எல்லோரையுமே ஊர்கொண்டு சேர்த்தது.